சுமக்கும் உடல்: எல்க் வேட்டையின் வரலாற்றில் ஒரு கிளை

1806ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி மாலை, இன்றைய ஐடஹோ மாநிலத்தின் கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில் ஓட்டப்பந்தயங்கள் நடந்தன. ஒரு பக்கம் கேப்டன் மெரிவெதர் லூயிஸ், கேப்டன் வில்லியம் கிளார்க் ஆகியோரின் பயணக்குழுவினர். மறுபக்கம் அந்த நிலத்துக்குரிய நெஸ் பெர்ஸ் மக்கள். குழுவின் மிக வேகமான ஓட்டக்காரர்கள் ஜார்ஜ் ட்ரூயாரும் ரூபின் ஃபீல்டும். நெஸ் பெர்ஸ் இளைஞன் ஒருவன் அவர்களுக்கு இணையாக ஓடினான் என்று லூயிஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பந்தயம் முடிந்ததும் ஆட்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து, நம்மூர்ச் சடுகுடுவைத் தொலைவிலிருந்து நினைவூட்டும், எதிர்க்கட்சிக்காரனைத் தொட்டுச் சிறைப்பிடிக்கும் விளையாட்டு ஒன்றை ஆடினார்கள்.

இது பொழுதுபோக்கு அல்ல என்பதை லூயிஸே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். முந்தைய ஆண்டு செப்டம்பரில் பிட்டர்ரூட் மலைத்தொடரைக் கடந்தபோது அந்தக் குழு பனியிலும் பட்டினியிலும் சிக்கித் தன் குதிரைக்குட்டிகளையே அறுத்துத் தின்ன நேர்ந்தது. இப்போது அதே மலைகளைத் திரும்பக் கடக்க வேண்டும். பனி உருகுவதற்காக வாரக்கணக்கில் காத்திருந்ததில் ஆட்களுக்குச் சோம்பல் ஏறிவிட்டது. மலைக்குள் நுழையுமுன் உடம்பு கொஞ்சம் அசையட்டும் என்பதே அந்த ஓட்டங்களின் நோக்கம். இவ்விடத்தில் லூயிஸ் போகிற போக்கில் ஒரு விதிவிலக்கையும் பதிவு செய்கிறார். சோம்பிப் போனவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லாதவர்கள்தாம். வேட்டைக்காரர்களுக்குத் தனியே உடற்பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ராக்கி மலைப்பகுதிகளில் செப்டம்பர் மாத எல்க் வேட்டைக்குப் போக விரும்பும் ஒருவர் பிப்ரவரியிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார். மணல்மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அலுவலகக் கட்டடத்தின் படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறார். நாடித்துடிப்பைக் கைக்கடிகாரத்தில் அளக்கிறார். 1806இல் பயிற்சி தேவைப்படாத ஒரே மனிதனாக இருந்த வேட்டைக்காரன், இன்று அது தேவைப்படுகிற மனிதனாகிவிட்டான். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது? உடற்பயிற்சிக் கையேடுகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எனக்கோ அந்தக் கையேடுகளைவிட இந்தக் கேள்வியே சுவாரசியமாகப் படுகிறது.

*

முதலில் விலங்கைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐரோப்பாவில் 'எல்க்' என்பது அமெரிக்கர்கள் 'மூஸ்' என்றழைக்கும் வேறொரு பெருமானின் பெயர். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தாங்கள் கண்ட மிகப்பெரிய மான் ஒன்றுக்கு அந்தப் பெயரைப் பொருத்தமில்லாமல் சூட்டிவிட்டார்கள். ஷானி பழங்குடி மொழியில் அதன் பெயர் 'வாப்பிட்டி', அதாவது வெள்ளைப் பிட்டம் கொண்டது. (மேலே சொன்ன ட்ரூயாரின் தாய் ஷானி இனத்தவர். பயணக்குழுவின் தலைசிறந்த வேட்டைக்காரரும் அவரே.) பெயர் சூட்டுவதில் ஆங்கிலேயர்களின் இந்தத் தாராளம் நமக்கும் அயலானதன்று. 1850களில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், தாம் நாய்களோடும் கத்தியோடும் துரத்திய கடமானைத் தம் இலங்கை வேட்டை நூலில் 'எல்க்' என்றே எழுதினார். நுவரெலியாவுக்கு அருகில் 'எல்க் பிளெய்ன்ஸ்' என்ற இடப்பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.

நாம் பேசும் அமெரிக்க எல்க் கடமானின் தூரத்து உறவுதான். ராக்கி மலையின் வளர்ந்த ஆண் ஏறத்தாழ 700 பவுண்டு, அதாவது 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. செப்டம்பரில் இணைசேரும் பருவத்தில் அது எழுப்பும் கூவல், அடித்தொண்டை உறுமலில் தொடங்கிக் குழலோசையாக உயர்ந்து பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கும். இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வரலாறு முழுவதும் ஒருவகையில் அந்த எடையைப் பற்றியதே.

லூயிஸ் - கிளார்க் குழு 1805-06 குளிர்காலத்தைப் பசிபிக் கடலோரத்தில், கிளாட்சாப் கோட்டை என்று அவர்கள் பெயரிட்ட மரக்குடியிருப்பில் கழித்தது. குழுவில் ஒருவரான பாட்ரிக் காஸ், டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் 20 வரை 131 எல்க்குகளும் 20 மான்களும் கொல்லப்பட்டதாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். கேட்பதற்குச் செழிப்பாக இருக்கிறது. ஆனால் நாட்குறிப்புகளின் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது கொன்ற மகிழ்ச்சி அல்ல, கொண்டுவரும் துயரம். எல்க் கிடைத்த இடம் மைல்கணக்கில் தள்ளி. நடுவில் சதுப்பு நிலம், விழுந்த மரங்கள், ஓயாத மழை. குளிர்காலமாயினும் கடலோரத்து மிதவெப்பத்தில் இறைச்சி கெட்டுப்போனது. வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டு வந்து செய்தி சொல்ல, சுமப்பதற்கென்று ஆட்கள் குழுவாகப் புறப்பட்டுப் போனார்கள். சில சமயம் போய்ச் சேரும்போது தாமதமாகிவிட்டிருந்தது. சுடுவது ஒருவரின் வேலை, சுமப்பது பலரின் வேலை என்ற பிரிவினை அப்போதே இருந்ததைக் கவனிக்கலாம்.

*

உடலைத் தனியே 'தயாரிப்பது' என்ற எண்ணம் உழைப்பிலிருந்து விலகிய சமூகங்களுக்கே உரியது. நெஸ் பெர்ஸ் இளைஞன் ட்ரூயாருக்கு ஈடாக ஓடியதற்கு அவன் வாழ்க்கையே காரணம். எல்க்கின் மேல்தாடையில் இரண்டு தந்தப்பற்கள் உண்டு. ஒரு விலங்குக்கு இரண்டே இரண்டு. காகக்குடி என்று பொருள்படும் க்ரோ இனத்தாரிடம் அப்பற்கள் நூற்றுக்கணக்கில் தைக்கப்பட்ட பெண்களின் ஆடைகள் இருந்தன. அத்தகைய ஓர் ஆடை, ஒரு குடும்பத்து ஆண்கள் பல ஆண்டுகளாக மலையிலும் சமவெளியிலும் நடந்த நடையின், நடத்திய பண்டமாற்றின் திரண்ட கணக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே பற்களுக்கு வேறொரு சந்தை உருவானது. 1868இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'எல்க்ஸ்' என்ற சகோதர சங்கத்தின் உறுப்பினர்கள் எல்க் பல்லைக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடுவதைப் பெருமையாகக் கருதினார்கள். விளைவாக, இரண்டு பற்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு 300 கிலோ உடலை அழுகவிடும் ஒரு வேட்டை மரபு தோன்றியது. சுமக்கவே தேவையில்லாத வேட்டை. சட்டைப்பையில் அடங்கிவிடும் வேட்டை. பின்னாளில் சங்கமே இதைக் கைவிட்டதென்றாலும் அதற்குள் மந்தைகள் கரைந்துவிட்டிருந்தன.

பற்கள் மட்டுமே காரணமல்ல. தோல் வியாபாரம், சுரங்க முகாம்களுக்கான இறைச்சி வியாபாரம், ரயில் பாதை, எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பள்ளத்தாக்குகளை ஆக்கிரமித்த கால்நடைப் பண்ணைகள். எல்க் மலைக்கே உரிய விலங்கு என்ற நம் இன்றைய மனச்சித்திரம் பாதி உண்மையே. மிசூரி ஆற்றின் சமவெளிகளில் லூயிசும் கிளார்க்கும் பெருமந்தைகளைக் கண்டார்கள். மலையில் கோடையைக் கழித்த மந்தைகளும் குளிர்காலத்தில் தாழ்நிலங்களுக்கு இறங்கி வந்தன. அந்தத் தாழ்நிலங்கள் வேலியிடப்பட்டன. சமவெளி மந்தைகள் சுட்டுத் தீர்க்கப்பட்டன. இயற்கை எழுத்தாளர் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் ஐரோப்பியர் வருகைக்கு முன் ஒரு கோடி எல்க்குகள் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சியவை ஒரு லட்சத்துக்கும் குறைவு. கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த எல்க் வகை முற்றாக அழிந்தது. எட்டிப் பிடிக்கச் சிரமமான மேட்டு நிலங்களில் இருந்தவை பிழைத்தன. ஆக, எல்க் வேட்டை மூச்சுமுட்டும் மலையேற்றமாக ஆனதற்கு எளிதில் எட்டக்கூடிய எல்க்குகள் எல்லாம் கொல்லப்பட்டதும் ஒரு காரணம். இன்றைய வேட்டைக்காரர் ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடியிலும் முந்தைய தலைமுறையின் பேராசைக்கு ஒரு பங்கு உண்டு.

இதே காலகட்டத்தில்தான் வேட்டைச் சட்டங்களும் வந்தன. அவை முதலில் யார்மீது பாய்ந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1895இல் வயோமிங்கில் ஏழு எல்க்குகளைக் கொன்றதற்காக ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் பழங்குடியினர் கைது செய்யப்பட்டார். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவருடைய மக்களுக்கு அந்த நிலங்களில் வேட்டையாடும் உரிமையை அளித்திருந்தது. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வயோமிங் மாநிலமான கணத்திலேயே அந்த உரிமை காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. மலையை அறிந்த உடல்கள் மலையிலிருந்து வெளியேற்றப்பட்டன. மலையை அறியாத உடல்கள் உள்ளே வந்தன.

*

அப்படி உள்ளே வந்தவர்களில் மிகப் புகழ்பெற்றவர் தியடோர் ரூஸ்வெல்ட். சிறுவயதில் ஆஸ்துமாவில் மூச்சுக்குத் தவித்த குழந்தை. அறிவு இருக்கிறது, உடம்பு இல்லை, அதை நீயே உருவாக்கிக்கொள் என்ற பொருளில் தந்தை சொன்னதைக் கேட்டு, வீட்டிலேயே அமைத்துத் தந்த பயிற்சிக்கூடத்தில் பளுவும் கயிறும் இழுத்தவர். 1880இல் ஹார்வர்டில் மருத்துவர் டட்லி சார்ஜென்ட் அவர் இதயம் பலவீனமானது என்றும், மாடிப்படிகளைக்கூட ஓடி ஏறக்கூடாது என்றும் எச்சரித்தார். அடுத்த ஆண்டே ரூஸ்வெல்ட் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை ஏறி முடித்தார். 1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், ஒரே நாளில் தாயையும் மனைவியையும் இழந்தபின் டகோட்டாவின் வறண்ட நிலங்களுக்குப் போனார். அவ்வாண்டு கோடையின் இறுதியில், வயோமிங்கின் பிக்ஹார்ன் மலைகளில் எல்க்கும் பழுப்புக் கரடியும் வேட்டையாடினார். வண்டியை அடிவாரத்தில் விட்டு, பொதிக்குதிரைகளோடு மேலேறி, ஓசை எழாத மெல்லிய தோல் காலணிகளில் காட்டுக்குள் நடந்ததை அடுத்த ஆண்டு வெளியான நூலில் விரிவாக எழுதினார். கிட்டப்பார்வைக்காரர், சிறந்த குறியாளர் அல்லர். விடாமல் நடப்பதைத்தான் அவர் தம் திறமையாகக் கருதினார்.

உடலைச் செய்துகொண்டு வேட்டைக்குப் போகும் நவீன மனிதனின் முன்மாதிரி இவரே. அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் அந்த உடலுக்குக் கொடுத்த விளக்கம் வேறு விஷயம். 1899 ஏப்ரலில் சிகாகோவில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற 'கடின வாழ்வு' உரையைத் தனிமனித ஊக்கப் பேச்சாக மட்டும் வாசிப்பவர்கள், அதன் கணிசமான பகுதி பிலிப்பைன்ஸைக் கைப்பற்றி ஆள்வதை நியாயப்படுத்துவதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். நகரத்துச் சௌகரியத்தில் ஆண்மை கரைகிறது, இனம் தளர்கிறது என்ற அச்சம் அக்காலத்து மேட்டுக்குடி அமெரிக்கரைப் பிடித்தாட்டியது. வேட்டை அதற்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. குடியரசுத் தலைவராக இருந்தபோது, படை அதிகாரிகள் மூன்று நாட்களுக்குள், மொத்தம் 20 மணி நேரத்தில் 50 மைல் நடக்கவேண்டும் என்று 1908இல் ஆணையிட்டார். முணுமுணுப்பு எழுந்ததும் 1909 ஜனவரியில் தாமே ஒரே நாளில் ஏறக்குறைய 100 மைல் குதிரையில் போய்வந்து காட்டினார். அரை நூற்றாண்டுக்குப்பின், 1963இல், ஜான் கென்னடி அந்தப் பழைய ஆணையைத் தூசுதட்டி எடுக்க, 50 மைல் நடை நாடுதழுவிய மோகமாகப் பரவியது.

ரூஸ்வெல்ட்டின் மற்றொரு செயல்தான் நம் கதைக்கு நிலையான விளைவைத் தந்தது. 1887இல் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலோடு சேர்ந்து அவர் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருக்கவேண்டும் என்ற நேர்மை விதியை வேட்டையின் இலக்கணமாக்கியது. அவர் ஆட்சியில் சுமார் 15 கோடி ஏக்கர் நிலம் தேசியக் காடுகளில் சேர்க்கப்பட்டது. 1912இல் வயோமிங்கின் ஜாக்சன் ஹோலில், குளிர்காலப் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த மந்தைகளுக்காக எல்க் சரணாலயம் அமைந்தது. யெல்லோஸ்டோன் மந்தைகளிலிருந்து பிடிக்கப்பட்ட எல்க்குகள் ரயிலேறி வெவ்வேறு மாநிலங்களுக்குப் போயின. இன்று வட அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் எல்க்குகள் இருக்கின்றன. கொலராடோவில்தான் அதிகம்.

*

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் எல்க் வேட்டை பெரும்பாலும் குதிரையின் முதுகில் நடந்தது. கீழைநகரச் செல்வந்தர், உள்ளூர் வழிகாட்டி, சமையற்காரர், கான்வாஸ் கூடாரம், கோவேறு கழுதை வரிசை. சுமந்தது கழுதை, கட்டியது கூலியாள். உடல் தேவைப்படவில்லை என்றல்ல, அதை வாடகைக்கு அமர்த்திக்கொள்ள முடிந்தது.

குதிரை வைத்துக் கட்டுப்படியாகாத உள்ளூர் ஏழைகளின் வரலாறு தோள்பையின் வரலாற்றில் ஒளிந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த லாயிட் நெல்சன், அலாஸ்காவில் பழங்குடியினரின் சீல்தோலும் குச்சிகளும் கொண்ட சுமைப்பலகையைச் சுமந்து பார்த்துவிட்டு, மரச்சட்டமும் கான்வாஸும் கொண்ட 'ட்ராப்பர் நெல்சன்' பையை வடிவமைத்து 1924இல் காப்புரிமை பெற்றார். 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் டிக் கெல்டி அதை அலுமினியச் சட்டமாக்கி, எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினார். மனித இடுப்பெலும்பு சுமைதாங்கி என்பதைத் தலையில் குடமும் இடுப்பில் குழந்தையும் சுமக்கும் எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். எப்படியோ, ஒரு தனிமனிதன் ஓர் எல்க் தொடையைத் தானே சுமந்து வருவது இதனால் ஓரளவு சாத்தியமாயிற்று.

பிறகு சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், தொடக்கத்தில் சுமார் 91 லட்சம் ஏக்கர் நிலத்தைச் சாலையற்றதாக, இயந்திரமற்றதாக அறிவித்தது. இன்று அது 11 கோடி ஏக்கருக்கு மேல். அங்கே மோட்டார் வாகனம் கூடாது. மிதிவண்டி கூடாது. இறைச்சியை உருட்டிவரும் சக்கரவண்டிகூடக் கூடாது. கால், அல்லது குளம்பு, அவ்வளவுதான். இதோடு எல்க்கின் புத்தியும் சேர்ந்துகொண்டது. வாகனம் ஓடும் சாலைகளிலிருந்து எல்க்குகள் விலகியே வாழ்கின்றன என்பதை ஓரிகனின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் 1989 முதல் நடந்துவரும் ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் சாலையை ஒட்டியே நிற்கிறார்கள். எனவே, கால்வலுவுள்ளவன் மட்டும் நுழையும் ஒரு நிலப்பரப்பு உருவாயிற்று. கோட்பாட்டளவில் இது ஜனநாயகமானது. நிலம் பொதுமக்களுடையது, உரிமக் கட்டணம் தவிர நுழைவுச் சீட்டு கிடையாது, கால்களே சீட்டு. நடைமுறையில் வயதும் நோயும் ஓய்வுநேரமும் எல்லோருக்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை.

*

இப்போது அந்த எடைக்குத் திரும்புவோம். வளர்ந்த ஆண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் சுமார் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ, சில சமயம் அதற்கு மேலும் தேறும். கொம்பும் தலையும் தனி. சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே தனியாளாக ஒருவர் அதை வீழ்த்தினால் ஐந்து மூட்டைகளாகவேனும் பிரிக்க வேண்டியிருக்கும். ஐந்து முறை சுமையோடு வெளியே, நான்கு முறை வெறும் பையோடு உள்ளே. ஒன்பது நடைகள், 27 மைல். அதில் 15 மைல் முதுகில் மனிதச்சிறுவன் ஒருவனின் எடை. இது வேட்டை 'முடிந்த' பிறகு தொடங்கும் கணக்கு.

நேரமும் எதிரி. செப்டம்பர்ப் பகல்கள் வெப்பமானவை. எல்க்கின் தடித்த தோலும் தசையும் உடற்சூட்டை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் இறைச்சி முதலில் கெடத் தொடங்கும். உடனே தோலுரித்து, துண்டங்களாக்கி, துணிப்பையிலிட்டு நிழலில் காற்றாடத் தொங்கவிட்டாக வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது மேற்கு மாநிலங்களில் குற்றம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர்களின் காலத்துக்கு எதிராக எழுந்த சட்டம் அது. பயிற்சியின் உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏறிப்போய்ச் சுடுவதற்கான வலு ஒருவனிடம் இருக்கலாம். திரும்பச் சுமப்பதற்கான வலு இல்லையென்றால் அவன் வில்லைத் தாழ்த்திக்கொள்ளவேண்டும். அனுபவசாலிகள் பலர், எங்கே சுடக்கூடாது என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தயாரிப்பில் பயன்படும் கருவிகளின் பூர்வீகமும் விசித்திரமானது. வேட்டைக்காரர்கள் மூட்டையோடு பெட்டியின்மேல் ஏறி இறங்கும் பயிற்சியின் மூதாதை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டின் களைப்பு ஆய்வகத்தில் லூசியன் ப்ரூஹா வகுத்த சோதனை. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்கவேண்டும். அதன் வழிவந்த சோதனை ஒன்று பின்னர் காட்டுத்தீ அணைப்பவர்களுக்கும் வைக்கப்பட்டது. மொன்டானாவின் மிசூலாவில் அதற்கு மாற்றாக உருவான சுமைச்சோதனை, 45 பவுண்டு முதுகில், மூன்று மைல், 45 நிமிடம் என்று கேட்கிறது. 1968இல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' நூல் வந்தபின் ஓட்டம் பொதுமக்களின் வழக்கமாயிற்று. 1969இல் ஹாலிஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்ற கப்பிகள் பொருத்திய வில் பரவலானதும், இணைசேரும் பருவத்து வில்வேட்டைக்கு ஆட்கள் பெருகினார்கள். வில்லுக்கு முப்பது நாற்பது கஜத்துக்குள் நெருங்கவேண்டும். மூச்சிரைக்கும் மார்போடு நாணிழுத்தால் குறி தவறும். தவறிய குறி காயம்பட்ட விலங்கு.

ஓரிகனைச் சேர்ந்த கேமரன் ஹேன்ஸ் 2006இல் வெளியிட்ட உட்காட்டு வில்வேட்டை நூலோடு, நெடுந்தூர ஓட்டமும் பளுதூக்கலும் இந்த வேட்டையின் பண்பாட்டுக்குள் உறுதியாக நுழைந்தன. அதன்பின் வந்தது சந்தை. உடற்பயிற்சித் திட்டங்கள், புரதப்பொடிகள், தசை தெரியும் நிழற்படங்கள். வேட்டையைவிட வேட்டைக்கான உடலே காட்சிப்பொருளாகிவிட்டதோ என்ற ஐயம் இவற்றைப் பார்க்கையில் எழுகிறது. ரூஸ்வெல்ட்டின் ஆவி இன்னும் உலவுகிறது.

ஆனால் அடக்கமாகப் பயில்பவர்கள் கண்டறிந்த நுட்பங்கள் சில மிக அழகானவை. தண்ணீர்க் குடுவைகளைப் பையில் நிரப்பிக்கொண்டு மலையேறி, உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்குவார்கள், மூட்டுகள் பிழைக்கட்டும் என்று. பிறகு பருவம் நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையோடு இறங்கவும் பழகுவார்கள். இறங்குகையில் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தடுத்து நிறுத்தவேண்டியிருப்பதால் ஏற்றத்தைவிட அதிகமாகப் புண்படுகிறது. ஏற்றத்தை மட்டும் பயின்ற கால் இரண்டாம் நாள் காலையில் எழுந்து நிற்க மறுக்கும். எல்க்கைத் தேடிப்போவது பெரும்பாலும் ஏற்றம், எல்க்கோடு வருவது பெரும்பாலும் இறக்கம்.

பயிற்சியால் வாங்கமுடியாதவையும் உண்டு. 10,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் எழுபது விழுக்காடு அளவே. தாழ்நிலத்தில் எவ்வளவு ஓடியிருந்தாலும் மலைநோய் ஆள் பார்ப்பதில்லை. சில நாட்கள் முன்னதாகவே மேலே போய்த் தங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இதயமும் அப்படியே. 2007இல் வெளியான மிச்சிகன் ஆய்வு ஒன்றில், மான் வேட்டைக்குப் போன நடுவயதினர் 25 பேரின் உடலில் இதயப் பதிவுக் கருவி பொருத்தப்பட்டது. அவர்களில் சிலருக்கு வேட்டையின்போது நாடித்துடிப்பு, ஆய்வகத்து ஓடுபொறியில் எட்டிய உச்சத்தையும் தாண்டிச் சென்றது. சமதளக் காட்டில், வெறும் மானைக் கண்டதற்கே, இழுத்து வந்ததற்கே அப்படி. சார்ஜென்ட் மருத்துவரின் எச்சரிக்கை ரூஸ்வெல்ட் விஷயத்தில் பலிக்கவில்லை என்பதற்காக அது எல்லோருக்கும் பொய்யாகிவிடாது.

*

ரூஸ்வெல்ட் 1884இல் எல்க் வேட்டையாடிய அதே பிக்ஹார்ன் மலைகளுக்கு, 2014 ஜனவரியில், மொன்டானாவின் க்ரோ ஒதுக்குநிலத்திலிருந்து கிளேவின் ஹெரேராவும் உடன் சிலரும் எல்க் தடம் பார்த்துப் போனார்கள். தடம் எல்லையைக் கடந்து வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டுக்குள் சென்றது. அவர்களும் சென்றார்கள். பருவம் தவறி வேட்டையாடியதாக வயோமிங் வழக்குத் தொடுத்தது. 1868ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை அவர் காட்டினார். 1896ஆம் ஆண்டின் ரேஸ் ஹார்ஸ் தீர்ப்பைக் காட்டிக் கீழ்நீதிமன்றங்கள் அதை மறுத்தன. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், ஒரு மாநிலம் உருவானதால் மட்டும் ஒப்பந்த உரிமை அழிந்துவிடாது என்று தீர்ப்பளித்து, 123 ஆண்டுப் பழைய அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது.

நீதிபதி சோனியா சோட்டோமயோர் எழுதிய அத்தீர்ப்பு, ஹெரேராவும் மற்றவர்களும் ஆண் எல்க்குகள் பலவற்றைச் சுட்டு, இறைச்சியோடு மொன்டானாவுக்குத் திரும்பினார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஒப்பந்தத்தின் சொற்களை ஆராயப் போய்விடுகிறது. மூன்று மைலுக்கு ஒன்பது நடை என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஜனவரிப் பனியில் அந்த ஒரு வரியைச் சற்று நின்றுதான் கடப்பார்கள்.